அடர்ந்து வளரும் சென்னையில் பொது இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டங்களில் பூங்கா, நடைபாதை, விளையாட்டுத் திடல் என்று பேச்சு வந்தாலே சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழும். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது மாஸ்டர் பிளான் 2026 முதல் 2046 வரைக்குமானது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எந்த நிலம் எதற்கு என்று அதில்தான் எழுதப்படும். அதனால் இந்தக் கேள்விகளை இப்போதே கேட்டாக வேண்டும்.

பொது இடம் என்றால் பூங்கா மட்டும்தானா?

இல்லை. காசு கொடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், எந்த வேலையும் இல்லாமல் போய் உட்காரக்கூடிய இடம் எல்லாமே பொது இடம்தான். மெரினாவும் பெசன்ட் நகர்க் கடற்கரையும் அப்படி. மயிலாப்பூர்க் குளக்கரை, மாநகராட்சிப் பள்ளி மைதானம், நூலக வாசல், பஸ் ஸ்டாப் எல்லாம் அப்படித்தான். எல்லாவற்றையும் விடப் பெரியது தெரு. ஷாப்பிங் மால் இந்தக் கணக்கில் வராது. அங்கே யார் நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை முடிவு செய்வது உரிமையாளர்.

இவ்வளவு அடுக்குமாடிகள் கட்ட விட்டதுதானே பிரச்சினை?

நான் அப்படி நினைக்கவில்லை. மேலே வளர விடாவிட்டால் நகரம் பக்கவாட்டில் பரவும். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் ஏரியும் சதுப்பு நிலமும் சுருங்கியது அப்படிப் பரவியதால்தான். வேலைக்கும் பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் பக்கத்தில் நிறையப் பேர் வாழ்வது நல்லது.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள், சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை (எஃப்.எஸ்.ஐ. என்று எல்லோரும் சொல்வது; மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தின. இரண்டு கிரவுண்டில் ஒரு பழைய தனி வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,800 சதுர அடி மனை. பில்டரோடு ஜாயிண்ட் வென்ச்சர் போட்டால் சுமார் 9,600 சதுர அடி கட்டலாம். ஒரு குடும்பம் இருந்த இடத்தில் எட்டுக் குடும்பங்கள் வரும். தெருவில் இப்படிப் பத்து வீடுகள் மாறினால் எழுபது குடும்பங்கள் கூடிவிடும். அவர்களுக்காகத் தெருவில் ஒரு பெஞ்சாவது கூடியதா? கூடவில்லை. கூட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதியும் இல்லை. ஏன் இல்லை என்பதற்குக் கீழே ஓ.எஸ்.ஆர். பற்றிய பதிலைப் பாருங்கள்.

ஒருவருக்கு எவ்வளவு திறந்தவெளி தேவை?

மத்திய அரசின் நகர வளர்ச்சித் திட்ட வழிகாட்டி, தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் என்கிறது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர் இருந்தார்கள். பெருக்கிப் பாருங்கள். தலைக்குப் பத்து சதுர மீட்டர் என்றால் நகரத்தின் கால் பாகத்துக்கு மேல் திறந்தவெளியாக இருக்க வேண்டும். பழைய சென்னையில் அது நடக்கக்கூடியது அல்ல.

அதனால் இந்த எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், பெரிய சாலை எதையும் கடக்காமல், ஒரு பாட்டியும் ஒரு பேரனும் போய்வர இடம் இருக்கிறதா? வார்டு வாரியாகக் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஓ.எஸ்.ஆர். என்கிறார்களே, அது என்ன?

ஓபன் ஸ்பேஸ் ரிசர்வேஷன் என்பதன் சுருக்கம். புதிதாக மனை பிரிப்பவரும் பெரிய கட்டடம் கட்டுபவரும் பொதுமக்களுக்காக ஒதுக்க வேண்டிய திறந்தவெளி அது. மனையின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலைகள் நீங்கலாகப் பத்து சதவீத இடத்தைத் தானப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தே ஆக வேண்டும். 3,000-க்கும் 10,000-க்கும் இடைப்பட்டதாக இருந்தால் இடத்தைக் கொடுக்கலாம், அல்லது அதற்கு ஈடான பணத்தைக் கட்டலாம். 3,000-க்குக் கீழே எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

3,000 சதுர மீட்டர் என்பது சுமார் பதின்மூன்றரை கிரவுண்ட். மாம்பலம், மயிலாப்பூர், அண்ணா நகர், கே.கே. நகர் போன்ற இடங்களில் இடித்துக் கட்டப்படும் மனைகளில் பெரும்பாலானவை ஒன்று, இரண்டு, மிஞ்சினால் நான்கு கிரவுண்ட். அத்தனையும் விதிக்குக் கீழே நழுவிப் போகிறது. சென்னை எந்த வழியில் அதிகம் அடர்ந்துகொண்டிருக்கிறதோ, அந்த வழியில் பொது இடத்துக்கென்று ஒரு சதுர அடியும் வருவதில்லை. மாஸ்டர் பிளானில் ஒரே ஒரு மாற்றம் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன். சின்ன மனைகளில் இடம் கேட்க முடியாது, அது நியாயமும் இல்லை. ஆனால் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு சிறு தொகை வாங்கி, அதை அதே வார்டின் நடைபாதைக்கும் பூங்காவுக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று விதி வைக்கலாம்.

இடைப்பட்ட மனைகளுக்கு இருக்கும் பணம் கட்டும் வாய்ப்பும் எனக்கு உவப்பானது அல்ல. பணம் கஜானாவுக்குப் போய்ச் சேரும். அந்தப் பணத்தோடு அதே தெருவில் நிலம் வாங்கப் போனால் விற்க ஆள் இருக்காது.

ஓ.எஸ்.ஆர். இடம் அடுக்குமாடி வளாகத்துக்குள் இருக்கிறது, காவலாளி உள்ளே விடுவதில்லை. இது சரியா?

தானப் பத்திரம் பதிவான இடம் என்றால் சரியில்லை. அது உள்ளாட்சியின் சொத்து, பொதுச் சாலையிலிருந்தே நுழைய வழி இருக்க வேண்டும். வளாகத்தின் மதிலுக்குள் அதை இழுத்துப் போட்டு, தங்கள் குழந்தைகளுக்கு மட்டும் ஊஞ்சல் கட்டியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அங்கே குடியிருப்பவர்களுக்கே உண்மை தெரிந்திருக்காது. விற்கும்போது ‘பிரைவேட் பார்க்’ என்று சொல்லி விற்றிருப்பார்கள். அதனால் சண்டையோடு தொடங்காதீர்கள், ஆவணத்தோடு தொடங்குங்கள்.

அந்த ஆவணத்தை எப்படித் தேடுவது?

முதலில் லேஅவுட் அனுமதி எண். உங்கள் பத்திரத்திலேயே இருக்கும். அதை வைத்து சி.எம்.டி.ஏ.விடம் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி பெற்ற வரைபடத்தின் நகல் கேளுங்கள், கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரைபடத்தில் பூங்கா என்று குறித்த இடத்தின் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டால் தானப் பத்திரம் பதிவானதா, அதற்குப் பிறகு யாராவது கைமாற்றினார்களா என்பது தெரிந்துவிடும். கடைசியாகப் பட்டாவும் நகர நில அளவைப் பதிவேடும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள்.

சிக்கல் பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியில்தான் இருக்கும். தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், பட்டா மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். இருபது வருடம் கழித்து அவருடைய வாரிசுகள் அந்தப் பட்டாவைக் காட்டி இடத்தை விற்கப் பார்ப்பார்கள். இடம் காலியாக இருக்கும்போதே மாநகராட்சி பெயருக்குப் பட்டா மாற்றச் சொல்லி மனு கொடுங்கள். வேலி போடச் சொல்வதும் செடி வைக்கச் சொல்வதும் அதற்குப் பிறகு.

பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் ஆஸ்பத்திரி கட்டினால் நல்லதுதானே?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பெங்களூரு ராஜமகால் விலாஸ் விரிவுப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கினார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பூங்காவுக்கு விட்ட இடம் பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று வாதாடும் எவருக்கும் இன்றைக்கும் அந்தத் தீர்ப்புதான் துணை.

ஆஸ்பத்திரி மட்டுமில்லை. சமுதாயக் கூடம், அம்மா உணவகம், நியாய விலைக் கடை, மேல்நிலைத் தொட்டி எல்லாம் ஒவ்வொன்றாகப் பூங்காவின் மூலையில் வந்து உட்காரும். ஒவ்வொன்றும் தேவையானதுதான். அதனாலேயே எதிர்க்கவும் மனம் வராது. நான்கு மூலையும் போன பிறகு நடுவில் மிஞ்சுவதற்குப் பூங்கா என்ற பெயர்ப்பலகை மட்டும் இருக்கும். முதல் மூலையிலேயே கேள்வி கேட்பதுதான் வழி.

மெட்ரோ பணிக்காகப் பூங்காவை எடுத்துக்கொண்டால்?

ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவைப் பாருங்கள். சுரங்க ரயில் நிலையம் கட்ட 2011-இல் மூடினார்கள். பழைய மரங்கள் போயின. பூங்கா மறுபடி மக்களுக்குத் திறந்தது 2023-இல். மூடியபோது ஐந்து வயதான குழந்தை, பக்கத்தில் பூங்கா இல்லாமலே வளர்ந்து பதினேழு வயதாகிவிட்டது. நிலையத்துக்கு மேலே வரும் பூங்காவில் மண்ணின் ஆழம் குறைவு என்பதால் முன்பு நின்றது போன்ற பெருமரங்கள் அங்கே வேர்விட முடியாது.

மெட்ரோ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு பரப்பு, எத்தனை மாதம், இடைக்காலத்தில் மாற்று இடம் எது என்ற மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். அருகில் ஒரு பள்ளி மைதானத்தை மாலையில் திறந்துவிட்டாலும் போதும்.

ஒரு பெரிய பூங்கா நல்லதா, பல சின்னப் பூங்காக்கள் நல்லதா?

இரண்டும் வேறு வேலை செய்பவை. அடையாற்று முகத்துவாரத்தில் 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா 58 ஏக்கர். அங்கே நீரும் பறவைகளும் பிழைத்தன. அதைத் தெருமுனைப் பூங்காவால் செய்ய முடியாது. ஆனால் வியாசர்பாடியில் இருக்கும் ஒரு தாய் மாலை ஐந்து மணிக்குக் குழந்தையை அடையாறுக்குக் கூட்டிப்போக மாட்டார். பணம் ஓரிடத்துக்குத்தான் இருக்கிறது என்றால் என் ஓட்டு பூங்கா இல்லாத பகுதியில் வரும் சின்னப் பூங்காவுக்கு.

1920-களில் தியாகராய நகரை உருவாக்கியவர்கள் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். நீண்ட ஏரி இருந்த இடத்தில் மனை பிரித்தபோதே பனகல் பூங்காவையும் நடேசன் பூங்காவையும் வரைபடத்தில் வைத்தார்கள். ஏரி போனது பெரிய இழப்பு, அதை மறைக்க முடியாது. ஆனாலும் நூறு ஆண்டுகளாக அந்தப் பூங்காக்கள் நிலைத்திருப்பதற்குக் காரணம், வீடுகள் வருவதற்கு முன்பே அவற்றுக்கு இடம் குறித்ததுதான்.

நுழைவுக் கட்டணம் வாங்கலாமா?

தாவரவியல் பூங்கா, காட்சித் தோட்டம் போன்றவற்றுக்குச் சிறு தொகை வாங்குவதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. குடியிருப்புப் பகுதிப் பூங்காவில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது தினச் செலவாகிவிடும். முதலில் வராமல் போவது வீட்டு வேலை செய்யும் பெண்களும் அவர்கள் குழந்தைகளும்தான்.

நல்ல பூங்காவுக்கு என்ன அடையாளம்?

பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். காலை நடைப்பயிற்சி நேரத்தில் எல்லாப் பூங்காவும் நன்றாகத்தான் தெரியும். பல பூங்காக்களில் பகல் முழுக்க கேட்டைப் பூட்டி வைக்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. உள்ளே வேப்பமர நிழலில் பெஞ்சுகள் காலியாகக் கிடக்க, உணவு டெலிவரி செய்யும் பையன்கள் வெளியே மதிலை ஒட்டி வெயிலில் பைக் மேல் சாய்ந்து தூங்குவதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. நிழல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதைப் பூட்டுவதற்கு எந்தக் காரணமும் போதாது.

அடுத்து மதில். ஆள் உயர மதிலுக்குள் என்ன நடக்கிறது என்று தெருவுக்குத் தெரியாது, உள்ளே இருப்பவருக்கும் தெரு தெரியாது. இடுப்பளவுச் சுவரும் மேலே கம்பியும் இருந்தால் இருட்டிய பிறகும் பெண்கள் தயங்காமல் உட்காருவார்கள். ஒரே வாசல் இருப்பதும் தவறு. தப்பிக்க இன்னொரு வழி உண்டு என்று தெரிந்தால்தான் தனியாக வருபவருக்கு நிம்மதி.

விளக்கை மரத்துக்கு மேலே உயரமாக வைத்தால் வெளிச்சமெல்லாம் இலையிலேயே நின்றுவிடும், பாதையில் விழாது. பெஞ்சில் சாய்மானமும் கை ஊன்றி எழப் பிடியும் இருந்தால்தான் முழங்கால் வலி உள்ளவர்கள் உட்காருவார்கள். பூட்டாத கழிப்பறை, தண்ணீர் வரும் குழாய். இவ்வளவு இருந்தால் செயற்கை நீரூற்றும் செல்ஃபி பாயிண்டும் இல்லாவிட்டாலும் கூட்டம் வரும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களை அப்போது பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், பல மரங்களின் அடியைச் சுற்றி சிமென்ட் இறுக்கியிருந்தது. ஒரு மீட்டராவது மண்ணை விட்டுவையுங்கள். வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம் எல்லாம் நம் வெயிலுக்கும் காற்றுக்கும் பழகியவை.

நடைபாதைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பழைய பகுதிகளில் புதிதாக நிலம் கிடைக்காது. அரசின் கையில் ஏற்கெனவே இருக்கும் பெரிய நிலம் சாலைதான். அதை யாருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறோம் என்பது கொள்கை முடிவு. சென்னை மாநகராட்சி 2014-இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்றது. போக்குவரத்துக்கான தன் பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் செலவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் கவுன்சிலரிடம் இந்த வரியை நினைவூட்டுங்கள்.

பாண்டி பஜாரில் நடந்தது நல்ல பாடம். தியாகராயா சாலையில் நிரந்தரமாக எதையும் கட்டுவதற்கு முன் தடுப்புகளை வைத்து, சில நாட்கள் வண்டிகளை விலக்கி ஒத்திகை பார்த்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். 2019 நவம்பரில் அகலமான நடைபாதையும் இருக்கைகளுமாக அது திறந்தது. இன்றைக்கும் தீபாவளி நெரிசலில் கைக்குழந்தையோடு நடக்க முடிகிறது. குறையும் உண்டு. கண்காணிப்பு தளர்ந்த இடங்களில் பைக்குகள் மேலே ஏறிவிடுகின்றன. கட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தோடு ஆள் போட்டுக் காப்பதற்கும் ஒதுக்க வேண்டும்.

உங்கள் தெருவை அளந்து பாருங்கள். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் அளவுப்படி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். கடைத்தெருவில் 2.5 மீட்டர். விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கையில் டேப்போடு போனால், மின்வாரியப் பெட்டி, விளம்பரப் பலகை, ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் சரித்த தளம் எல்லாம் கழித்து உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியும். அந்த அளவோடு கொடுக்கும் மனுவுக்கு இருக்கும் கனம், ‘நடைபாதை சரியில்லை’ என்று எழுதும் மனுவுக்கு இருக்காது.

நடைபாதைக் கடைகளை அகற்றினால்தானே நடக்க முடியும்?

பல தெருக்களில் பாதையை அடைப்பது கார்கள்தான். இட்லிக் கடை அக்காவும் பூக்காரம்மாவும் இருக்கும் தெருவில் இரவு ஒன்பது மணிக்கும் பயமில்லாமல் நடக்கலாம். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் கணக்கெடுப்பு முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. யாருக்கு எந்த இடம் என்று கோடு போட்டுக் கொடுத்தால் நடப்பவருக்கும் வழி, விற்பவருக்கும் நிம்மதி.

மெரினா லூப் சாலையில் 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் மீனவர்களின் கடைகளை அகற்றத் தொடங்கியபோது அவர்கள் சாலையில் மீன் பரப்பிப் போராடினார்கள். சாலை வருவதற்கு முன்பே அந்தக் கரை அவர்களுடையது. பிறகு அங்கேயே மீன் அங்காடி கட்டி 2024-இல் திறந்தார்கள். அங்காடி முதலில், அகற்றுவது பிறகு என்று வரிசை மாறியிருந்தால் அந்தப் போராட்டமே தேவைப்பட்டிருக்காது.

மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன செய்ய வேண்டும்?

2022 நவம்பரில் மெரினாவில் மணலுக்கு மேல் மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர்கள், சிலர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அலைக்குப் பக்கத்தில் போனார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது, பிறகு சரிசெய்தார்கள். கடற்கரைக்கு அந்தப் பாதை இருந்தும், வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை சக்கர நாற்காலி போக முடியாவிட்டால் பயன் பாதிதான். பைக் நுழையாமல் இருக்கப் பூங்கா வாசலில் நெருக்கி நடும் கம்பங்கள் சக்கர நாற்காலியையும் தடுக்கின்றன. கம்பங்களுக்கு இடையே 90 சென்டிமீட்டராவது விடச் சொல்லுங்கள்.

மேம்பாலத்துக்கு அடியில் இருக்கும் இடம் பயன்படுமா?

பயன்படும். கத்திப்பாரா பாலத்தின் கீழே 2021-இல் திறந்த சதுக்கத்தில் பஸ் நிறுத்தமும் கடைகளும் குழந்தைகள் விளையாடும் இடமும் இருக்கின்றன. நிழல் இலவசம். புகையும் சத்தமும்தான் குறை.

மறுகுடியமர்வுப் பகுதிகளில்?

நகரத்துக்குள் இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றியவர்களைக் குடியேற்றிய கண்ணகி நகர், பெரும்பாக்கம் இரண்டிலும் மிகச் சிறிய வீடுகள். வீட்டுக்குள் விரியாத வாழ்க்கை எல்லாம் படிக்கட்டிலும் தெருவிலும் மைதானத்திலும்தான் நடக்க வேண்டும். பொது இடம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். நகரத்தின் மைதானப் பணத்தில் இந்தப் பகுதிகளுக்கு முதல் பங்கு போக வேண்டும் என்பேன்.

பராமரிப்பைத் தனியாரிடம் கொடுக்கலாமா?

லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவை ஒரு தனியார் நிறுவனம் பல ஆண்டுகளாக நன்றாகப் பார்த்துக்கொள்கிறது. அங்கே ஞாயிறு காலைகளில் குழந்தைகள் மைக் இல்லாமல் கச்சேரி செய்கிறார்கள். அப்படிப்பட்ட ஏற்பாடு வரவேற்கத்தக்கது. ஒப்பந்தத்தில் இரண்டு வரி மட்டும் இருக்க வேண்டும். திறக்கும் நேரத்தை முடிவு செய்வது மாநகராட்சி. யாரையும் உள்ளே விடாமல் தடுக்கும் அதிகாரம் பராமரிப்பவருக்குக் கிடையாது.

இதையெல்லாம் எங்கே போய்க் கேட்பது?

குப்பை, உடைந்த ஊஞ்சல், எரியாத விளக்கு என்றால் மாநகராட்சியின் புகார் எண் 1913. இடம், திட்டம், பட்டா என்றால் உங்கள் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டம். 2022 முதல் மாநகராட்சி வார்டுகளில் அது நடக்கிறது. அங்கே வைக்கும் கோரிக்கையைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து என்ன ஆயிற்று என்று கேளுங்கள். மாஸ்டர் பிளானின் வரைவு வெளிவந்தால் ஆட்சேபமும் ஆலோசனையும் சொல்ல அவகாசம் தருவார்கள். உங்கள் தெருவின் அளவு, பூங்காவின் சர்வே எண், பத்து நிமிட நடைக்குள் என்ன இருக்கிறது என்ற விவரம் மூன்றையும் ஒரே தாளில் இப்போதே எழுதி வைத்துக்கொண்டால், அவகாசம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் மனு தயாராக இருக்கும்.